சப்பாத்தைப் போடச் சொல்லாத வெள்ளிக்கிழமை

சந்திக் கடை எங்கள் வீட்டுப் படலையிலிருந்து முந்நூறு அடி. அந்த முந்நூறு அடிக்கு என் கணவர் மோட்டார் சைக்கிளை எடுப்பார். காலையில் பாண் வாங்க ஒருதரம், பத்திரிகை வாங்க மறந்துவிட்டது என்று இன்னொருதரம். படலையைத் திறந்து, வண்டியை உருட்டி வெளியே விட்டு, படலையைச் சாத்தி, உதைத்து உதைத்து எழுப்பிப் போய்வருகிற நேரத்துக்குள் நடந்தே இரண்டு முறை போய் வந்துவிடலாம். இதை நான் சொல்லாத நாளில்லை. அவர் கோபிக்கவும் மாட்டார். "நீர் சொல்லுறது சரிதான்" என்பார். அடுத்த நாளும் உதைப்பார்.

நான் ஓடுகிறவள். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. நீர்வேலிப் பக்கம் எங்கள் வீடு. கந்தோரில் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து கோப்பு எழுதுகிற வேலை எனக்கு. நாற்பத்திரண்டாவது வயதில், மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டத் தொடங்கியது. ஒரு நாள் ஊர் எழும்ப முதல், மகளின் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வாழைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒழுங்கையில் ஓடிப் பார்த்தேன். மூன்றாவது தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு, குடித்த தண்ணியெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தேன். நாய்கள் துரத்தின. மறுநாளும் போனேன். ஏன் போனாய் என்று கேட்டால், வீம்புதான். என்னிடம் வேறு நல்ல குணம் இருக்கிறதோ இல்லையோ, வீம்பு நிறைய இருக்கிறது.

நெடுந்தூரம் ஓடப் பழகுவது பெரிய வித்தை இல்லை. வேகத்தில் உள்ள ஆசையை விட வேண்டும். பக்கத்தில் ஒருவர் வந்தால் அவரோடு கதைத்துக்கொண்டு போகக்கூடிய மெதுவில் ஓட வேண்டும். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும், உடம்பு நொந்தால் ஒரு கிழமை குறைக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் ஓட ஒருவரும் இல்லாதபடியால் நான் தனியாகக் கதைத்துக்கொண்டு ஓடினேன். விடிய வெள்ளனப் பால் கொண்டுபோகிறவர்கள் எனக்கு மூளை தட்டிப்போட்டுது என்று முடிவுகட்டினார்கள். மூன்று வருடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது கிலோமீற்றர் ஓடுகிறவளாகிவிட்டேன்.

பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. வாசிகசாலைக் கூட்டமொன்றில் எழுந்து நின்று, ஞாயிறு காலையில் குடும்பம் குடும்பமாக மைதானத்துக்கு வாருங்கள், தாய் தகப்பன் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நடப்போம், முடிந்தவர்கள் ஓடுவோம் என்று அறிவித்தேன். வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, மைதானத்து வேப்பமரத்துக்குக் கீழே வண்டிகளை நிறுத்தி, அதன் மேலேயே குந்திக்கொண்டு கைத்தொலைபேசி பார்த்தார்கள். மூன்றாவது கிழமை நான் ஒரு மரக்கறிப் பையைக் கொண்டுபோய் எல்லோருடைய வண்டித் திறப்புகளையும் வாங்கிப் போட்டேன். நாலு சுற்று நடந்தால்தான் திறப்பு, திறப்பு இல்லாமல் வண்டி எழும்பாது. சிரித்துச் சிரித்து நடந்தார்கள். அடுத்த கிழமை தாங்களாகவே பையில் போட்டார்கள். பருத்த மனிதர்கள், பிரசவத்துக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வராத பெண்கள், ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் உலாவுகிற பிள்ளைகள் எல்லோரும் அந்தப் புழுதியில் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு கிழமையும் யாராவது ஒருத்தி கேட்பாள். "அக்கா, அண்ணை வரேல்லையோ?"

"அவருக்குக் கொஞ்சம் வேலை கிடக்கு" என்பேன். அந்த நேரம் அவர் வீட்டில் சாய்மனைக் கதிரையில் கிடந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பார். கேட்டவளுக்கும் அது தெரியும்.

அவருக்கு ஒன்பது வருடமாகச் சலரோகம், சீனி வருத்தம். குளிசையைத் தவறாமல் போடுவார், தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார், வெள்ளிக்கிழமையில் விரதம் பிடிப்பார். நடப்பது ஒன்றைத் தவிர வைத்தியர் சொன்ன எல்லாவற்றையும் செய்வார். கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். வண்டித் திறப்பை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்த அன்று மகளைச் சைக்கிளில் பாணுக்கு அனுப்பினார். அவள் உயர்தரம் படிக்கிறவள், அடுத்த நாள் பரீட்சை. எனக்கு வந்த கோபத்தில் திறப்பை எடுத்து மேசையில் எறிந்தேன்.

இடையில் ஒரு நாள் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மழை விட்ட பின்னேரம். கந்தோரால் வந்தவர் விறாந்தையில் ஏறி உள்ளே வந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றக் காலில் இல்லை. எங்கேயோ சேற்றில் கழன்றிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. மகள் கண்டு, "அப்பா, மற்றச் செருப்பு எங்கை?" என்றாள். அவர் குனிந்து பார்த்து, தானும் ஆச்சரியப்பட்டார். நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். செருப்புக் கழன்றது தெரியாத காலில் உணர்ச்சி செத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் சொந்தக் காலில் ஒரு நகம் கறுத்தால் வெளிச்சம் பிடித்துப் பார்க்கிறவள் நான்.

ஆனி மாதத்தில் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நடக்காவிட்டால் இனி ஊசிதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் வழமைபோல விறாந்தைக் கதிரையில் சாய்ந்தார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"இஞ்சாருங்கோ. நான் சந்நிதியானுக்கு நேர்த்தி வைச்சிட்டன். ஆவணிக்குள்ளை நீங்கள் வீட்டிலை இருந்து சந்நிதிக்கு நடந்து வாறதெண்டு."

பொய். நான் ஒரு நேர்த்தியும் வைக்கவில்லை.

அவர் பத்திரிகையை மடித்தார். "எனக்கெண்டோ வைச்சனீர்?"

"ஓம். உங்களுக்கெண்டுதான்."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் விளங்கும் விஷயம். பிள்ளைக்காகத் தாய் நேர்த்தி வைப்பாள், புருஷனுக்காகப் பெண்சாதி வைப்பாள். யாருக்காக வைத்ததோ அவர்தான் அதைத் தீர்க்க வேண்டும். தெரியாது, மாட்டேன் என்று விட முடியாது. வைத்தியர் சொன்னதைத் தட்டலாம், பெண்சாதி சொன்னதை ஒன்பது வருடமாகத் தட்டலாம், இதைத் தட்ட அவருக்கு நெஞ்சு வராது என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்து சாமி அறைக்குப் போனார். திருநீறு பூசிக்கொண்டு வந்து, "வைச்சால் செய்யத்தானே வேணும்" என்றார். முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு இருந்தது. அதற்கு அர்த்தம் என்னவென்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் பொய் பலித்த சந்தோசத்தில் குசினிக்குள் போய்விட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயில் பதினான்கு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். அவரை அந்தத் தூரத்துக்குத் தயார்செய்ய நாட்காட்டியில் பதினொரு கிழமைக்குக் கோடு போட்டேன். பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்னேரத்தில் கால் வீங்கியிருக்கும்போது அளந்து, விரலுக்கு இடம் விட்டு நல்ல சப்பாத்து வாங்கினேன். சாம்பல் நிறம். முதல் நாள் நாங்கள் நடந்தது சந்திக் கடை வரைக்கும்தான். கடைக்காரர் எழுந்து வந்து, "என்ன அண்ணை, மோட்டச் சைக்கிள் பழுதே?" என்று கேட்டார்.

இரண்டாம் கிழமை வாழைக்குலைச் சந்தை வரைக்கும் போய்வந்தோம். நாலாம் கிழமை சிறுப்பிட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு மைதானத்துக்கு வந்தார், தன் வண்டித் திறப்பைத் தானே பையில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிப் போய்விட்டது. நடக்கும்போது அவர் கதைத்தார். இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் கேட்காத கதைகள். சண்டையில் இடம்பெயர்ந்து போன காலத்தில் தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டிலில் இருந்து படித்தது, அந்த வீட்டு மாடு தன் புத்தகத்தைத் தின்றது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சைக்கிள் காற்றுப் போய் அரைவாசித் தூரம் உருட்டிக்கொண்டு வந்தது. "அதை ஏன் அப்ப சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீர் கேக்கேல்லையே" என்றார். ஏழாம் கிழமைப் பரிசோதனையில் சீனி இறங்கியிருந்தது. வைத்தியர் என்னைப் பார்த்து, "கெட்டிக்காரி" என்றார்.

நான் பொய் சொன்னதை அந்த நாட்களில் அநேகமாக மறந்தே போனேன். நல்லதுதானே நடக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆவணி வெள்ளியொன்று குறித்தோம். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏற முதல் போய்ச் சேரலாம் என்பது என் கணக்கு. முதல் நாள் பின்னேரம் அவர் சொன்னார், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வெளிக்கிடக் கூடாது என்று. எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குப் பூசை ஆறரைக்கு. ஐயர் அன்று இன்னும் பிந்தினார். தேங்காய் உடைத்து, விபூதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்து வெளிக்கிட ஏழரை தாண்டிவிட்டது.

படலையடியில் நான் சப்பாத்தைக் கட்டக் குனிந்தேன். அவர் வெள்ளை வேட்டியோடு, வெறுங்காலோடு நின்றார். அவருடைய சாம்பல் சப்பாத்து படியில் சோடியாகக் கிடந்தது.

"சப்பாத்து?" என்றேன்.

"சந்நிதிக்கு ஆரும் சப்பாத்தோடை நடக்கிறதே?" என்றார். "நேர்த்தியெல்லே."

நெடுந்தூரம் ஓடுகிற எவருக்கும் தெரிந்த முதல் பாடம், முக்கியமான நாளில் புதிதாக ஒன்றும் செய்யக்கூடாது என்பது. புதுச் சாப்பாடு கூடாது, புதுச் சப்பாத்துக் கூடாது, புதுக் காலுறைகூடக் கூடாது. பதினொரு கிழமையாக அதை நான் அவருக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். சந்நிதிக்கு வெறுங்காலோடுதான் நடப்பார்கள் என்பது பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். இரண்டையும் நான் ஒருநாளும் ஒரே மூச்சில் நினைத்துப் பார்க்கவில்லை. அப்படிச் சொன்னாலும் முழு உண்மையில்லை. நினைப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுவேன்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். நேர்த்தி ஒன்றும் இல்லை, நான் சொன்னது பொய், சப்பாத்தைப் போடுங்கோ என்று சொல்ல வாய் திறந்தேன். மகள் தண்ணீர்ப் போத்தல்களோடு பக்கத்தில் நின்றாள். முன்வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொன்னால் அவர் திரும்பிக் கதிரைக்குப் போய்விடுவார் என்று பயந்தேன். பேசாமல் என் சப்பாத்தையும் கழற்றி வைத்தேன். மகளும் செருப்பைக் கழற்றினாள்.

சிறுப்பிட்டி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. புத்தூரில் தார் சுடத் தொடங்கியது. நானும் மகளும் வீதியோரத்து மணலிலும் புல்லிலும் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தோம். அவர் நடுத் தாரில் நிமிர்ந்து நடந்தார். அச்சுவேலியில் தாகசாந்திப் பந்தலில் மோர் தந்தார்கள். என் உள்ளங்கால் கொதித்தது. ஓடி ஓடிக் கால் காய்த்துப் போயிருந்த எனக்கே அழுகை வந்தது.

"கால் நோகேல்லையே?" என்று அவரைக் கேட்டேன்.

"இல்லை. ஒண்டுமே தெரியேல்லை" என்றார். முகம் பளிச்சென்று இருந்தது. "முருகன்தான் தூக்கிக்கொண்டு போறான் போலை கிடக்கு."

எனக்கு அப்போது வந்த நினைப்பை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். முருகன் அல்ல, நான் கொடுத்த பயிற்சி என்று நினைத்தேன். பதினொரு கிழமையில் ஒரு மனிதனை எப்படி ஆக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இதை எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

பதினொன்றரைக்குக் கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர்க் குழாயடியில் அவர் காலைக் கழுவினார். மகள் கத்தினாள். "அப்பா, ரத்தம்!"

வலது பெருவிரலுக்குக் கீழே போத்தல் துண்டு ஒன்று ஏறி நின்றது. எவ்வளவு தூரம் அதோடு நடந்தாரோ தெரியாது. உள்ளங்கால் தோல் இரண்டு காலிலும் பொங்கி, வலதில் உரிந்து தொங்கியது. அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். செருப்புக் கழன்ற அன்று பார்த்த அதே ஆச்சரியம்.

"உது எப்ப குத்தினது?" என்று என்னைக் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாரின் சூடும் கண்ணாடியின் கூரும் அவர் காலுக்குள் ஏறவேயில்லை. அவர் பொறுத்துக்கொண்டு நடக்கவில்லை, பொறுக்க அவருக்கு ஒன்றுமே இருக்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "இவ்வளவு தூரம் வந்து கும்பிடாமலோ?" என்றார். போத்தல் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் துவாயைக் காலில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். நான் மறிக்கவில்லை. நேர்த்தியை நடுவில் முறிக்கச் சொல்ல எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கும்பிட்டார்.

பிறகு ஆஸ்பத்திரி. மருந்து கட்டுகிற தாதி உரிந்த காலைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சீனி வருத்தக்காரரை ஆர் வெறுங்காலோடை றோட்டிலை நடக்க விட்டது?"

"நேர்த்தி" என்றேன். தாதி மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். என் பொய் இரண்டாவது முறையும் எனக்குக் கைகொடுத்தது.

இரண்டு கிழமை ஒன்றுவிட்ட ஒரு நாள் மருந்து கட்டினோம். காயம் ஆறவில்லை. மூன்றாவது கிழமை காய்ச்சல் வந்தது, அறைக்குள் சீழ் மணம் வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்தார்கள். பெருவிரலை எடுத்தார்கள். அதோடு முடியும் என்றார்கள், முடியவில்லை. கறுப்பு மேலே ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டு, நாளைக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம், விடியப் பார்த்து முடிவுசெய்வோம் என்றார். அது மைதானத்தில் திறப்புச் சேர்க்கிற நேரம்.

பன்னிரண்டு மணிக்கு நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்தில் சோறு கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தார். என்னைக் கண்டதும் எழும்பிச் சாய்ந்து உட்கார்ந்தார். அவரிடம் ஒரு திட்டம் இருந்தது.

"நான் யோசிச்சனான்" என்றார். "உம்மடை நேர்த்தியாலைதான் சீனி குறைஞ்சது. நடந்தபடியால்தான் விரலோடையாவது நிக்குது. இன்னொரு நேர்த்தி வைப்பம். கால் மிஞ்சினால் வாற ஆவணிக்கும் நடக்கிறன். வெறுங்காலோடை."

என்னால் அதற்கு மேலே தாங்க முடியவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் சொன்னேன். நான் நேர்த்தி வைக்கவில்லை, உங்களை எழுப்பி நடக்கப் பண்ணச் சொன்ன பொய் அது என்று சொன்னேன். சொல்லும்போது அழவில்லை. அழுதால் என்னில் இரங்குவார், அதற்கு எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன்.

அவர் சோற்றுப் பார்சலைத் தள்ளி வைத்தார்.

"நான் எத்தினை பேருக்குச் சொன்னனான் தெரியுமே" என்றார். "என்ரை மனிசி எனக்கெண்டு நேர்த்தி வைச்சவ எண்டு. கந்தோரிலை எல்லாருக்கும் சொன்னனான்."

அன்றைக்கு விறாந்தையில் கண்ட வெட்கச் சிரிப்பின் அர்த்தம் இதுதான். முருகனுக்குப் பயந்து அவர் நடக்கவில்லை. தனக்காக ஒருத்தி நேர்ந்துகொண்டாள் என்ற சந்தோசத்தில் நடந்திருக்கிறார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப ஏன் அண்டைக்குப் படலையடியிலை சப்பாத்தைப் போடச் சொல்லேல்லை?"

"நீங்கள் நிண்டிடுவீங்கள் எண்டு பயந்திட்டன்."

அவர் போர்வைக்குக் கீழே கிடந்த காலைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. "இப்ப நிண்டிட்டன்தானே" என்றார்.

திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நாலு மாதமாகிறது. அவர் என்னோடு கதைக்காமல் இல்லை. சாப்பாடு போதும் என்பார், யன்னலைச் சாத்தும் என்பார், மழை வரும் போலிருக்கு என்பார். நடக்கும்போது கதைத்தாரே, அப்படிக் கதைப்பதில்லை. யாராவது பார்க்க வந்தால், நேர்த்திக்கு நடந்த இடத்தில் கால் போனது என்று அவரே சொல்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏசியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

மைதானத்துக்கு இப்போது ஒருவரும் வருவதில்லை. ஒரு ஞாயிறு நான் மரக்கறிப் பையோடு போய் வேப்பமரத்துக்குக் கீழே தனியாக நின்றுவிட்டு வந்தேன். வழியில், எப்போதும் முதலாவதாகத் திறப்புப் போடுகிற ஒருத்தியைக் கண்டேன். கணவரின் வண்டியில் பின்னுக்கு இருந்தாள். "குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றாள். "உந்த நடையாலைதானே அண்ணைக்கு இப்பிடி வந்தது எண்டு இவர் பயப்பிடுறார்." நடையால் வரவில்லை, நடக்காமல் இருந்த ஒன்பது வருடத்தாலும் நான் சொல்லாத ஒரு சொல்லாலும் வந்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதானால் முழுவதையும் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நடவுங்கள். உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் அவருடைய காலையும் தினமும் நீங்களே தூக்கிப் பாருங்கள். எந்தக் கடவுளுக்கு நடந்தாலும் அவருக்குச் சப்பாத்தைப் போட்டு விடுங்கள்.

நான் இப்போது ஓடுவதில்லை. ஓட ஆசை வருகிறது, அதுதான் வெட்கம். விடிய நாலு மணிக்குக் கால் தானாக விறுவிறுக்கிறது. எழுந்து போய்ச் சப்பாத்து றாக்கையைப் பார்க்கிறேன். அவருடைய சாம்பல் சோடியும் அங்கேதான் இருக்கிறது. இடது சப்பாத்து அவருக்குத் தேவைப்படும் என்று மகள் எறிய விடவில்லை.

செயற்கைக் கால் பொருத்துவதற்கு முதல் தொடைக்குப் பலம் வேண்டும் என்று உடற்பயிற்சி காட்டித் தந்திருக்கிறார்கள். கட்டிலில் மல்லாந்து படுத்து, காலை முழங்கால் மடக்காமல் மெல்லத் தூக்கி, மெல்ல இறக்க வேண்டும். வெட்டிய காலையும் அப்படித்தான். ஒரு தரத்துக்கு இருபது, காலையும் பின்னேரமும். தசை சூம்பிவிட்டால் பிறகு பொருத்தவே முடியாது, வீட்டில் யாராவது பக்கத்தில் இருந்து எண்ணி உற்சாகப்படுத்துங்கள் என்றார்கள். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். உற்சாகப்படுத்துவது எனக்குக் கைவந்த தொழில். முதல் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காலை அசைக்காமல் கிடந்தார். நான் எழுந்து வெளியே வந்து, மகளை அனுப்பினேன். அவள் எண்ண எண்ணத் தூக்கினார். அன்று தொடக்கம் அவள்தான் எண்ணுகிறாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து எண்ணுகிறாள். நான் குசினியில் நின்று கேட்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அவளுக்கு ரியூசன் முடியப் பிந்திவிட்டது. நேரம் ஆறு தாண்டியது. அறைக்குள் கட்டில் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கதவுக்கு முதுகைக் காட்டித் தலையணையைச் சரிசெய்துகொண்டு, அவர் தானாகவே காலைத் தூக்கத் தொடங்கினார். வாய்விட்டு எண்ணவில்லை. நான் கதவு மறைவில் நின்று மனதுக்குள் எண்ணினேன். பத்தில் கால் நடுங்கியது. பன்னிரண்டில் மூச்சு வாங்கியது. பதினாலாவதைத் தூக்கி, இறக்கிப் போட்டுவிட்டுக் கிடந்தார். இன்னும் ஆறு இருக்கிறது. மைதானத்தில் எத்தனை பேருக்கு, இன்னும் ஒண்டு, இன்னும் ஒரேயொண்டு என்று கத்தியிருப்பேன்.

பதினைந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.